கேமில் பெட்டியைத் திறக்கும் முன் ஹெல்மெட்டைக் கழற்றும் நாத்திகர்கள் வேறு யாராவது உண்டா?

கேட்டவர்: தூங்காத சர்வர்

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது, கேட்டுவிடுகிறேன்.

பத்தொன்பது வயதிலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாரோ சொல்லித் தந்ததல்ல. நானாகப் படித்து, யோசித்து, வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டு வந்து சேர்ந்த இடம். பிழைப்பு பேக்எண்ட் நிரல் எழுதுவது. 'இது ஏன் நடந்தது?' என்று பகல் முழுவதும் லாக் கோப்புகளைத் தோண்டிக்கொண்டிருப்பவன். காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதுதான் என் தொழிலே.

ஆறு வருடங்களுக்கும் மேலாக ஒரே ஆன்லைன் கேம், ஒரே கில்டு (சேர்ந்து ஆடும் குழு). எட்டுப் பேர். ஞாயிறு இரவானால் வாய்ஸ் சேனலில் கூடிவிடுவோம். பெயர்கள் வேண்டாம், கேமில் அவரவர் செய்யும் வேலையை வைத்தே சொல்கிறேன்.

போன ஞாயிறு பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்திவிட்டுப் பரிசுப் பெட்டியருகே போனேன். பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. "அப்பா, பெட்டி திறக்கும்போது மட்டும் ஏன் ஹெல்மெட்டைக் கழட்டுறீங்க?" என்றாள். "பையில் இடம் பார்க்கிறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கழட்டினா இடம் குறையும்ல?" என்றாள். சரியான கேள்வி. கழற்றிய ஹெல்மெட் பைக்குள்தானே போகும்.

உண்மை இதுதான். 2019-ல் ஒரு சண்டையில் என் ஹெல்மெட் உடைந்துபோனது. பயனில்லை என்று கழற்றிவிட்டு வெறுந்தலையோடு பெட்டியைத் திறந்தேன். ஒரு சதவீத வாய்ப்புள்ள வாள் வந்து விழுந்தது. சேனலே அலறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, பெட்டிக்கு இடப்பக்கம் போய் நிற்கிறேன். அன்று அங்கேதான் நின்றேனாம்.

நான் தரவுகளோடு வாழ்பவன் ஆயிற்றே, குறித்தும் வைத்திருக்கிறேன். அந்த வாளுக்குப் பிறகு 214 பெட்டிகள், எல்லாமே வெறுந்தலையோடு. அதே தரத்தில் பொருள் வந்தது 2 தடவை. ஒரு சதவீதத்துக்கு ஒரு சதவீதம்தான் வந்திருக்கிறது. கணக்கு எனக்குத் தெரிகிறது. கைதான் கேட்க மாட்டேன் என்கிறது.

இதில் என்ன கேவலம் என்றால், எங்கள் ஹீலர் (காயம் ஆற்றுபவர்) ஒவ்வொரு பாஸுக்கு முன்பும் மைக்கை அணைத்துவிட்டு அரை நிமிடம் பிரார்த்தனை செய்வார். வருடக்கணக்காக அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். "அந்த சர்வர் என்ன மதம் என்று விசாரித்துவிட்டீர்களா?" என்பது என் நிரந்தர ஜோக். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அப்புறம் அரசியல். எங்கள் டேங்க்கும் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) வில்லாளியும் எதிரெதிர் கட்சி. தேர்தல் வந்ததிலிருந்து சேனலில் நிம்மதி போயிற்று. வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: "எங்கள் ஆட்கள் எழுதுவதை அந்தத் தளம் மறைக்கிறது, அவர்கள் எழுதுவதை மேலே தூக்குகிறது." இருவருமே ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் அனுப்பியதாகவே சொல்லிவிடலாம்.

கடைசியில் அது என் தலையிலும் விடிந்தது. வாரா வாரம் கில்டுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஒரு அரிய பொருள் யாருக்கு என்று குலுக்கிச் சொல்ல ஒரு சின்ன பாட் (தானாக ஓடும் நிரல்) எழுதி வைத்திருக்கிறேன். நாற்பதே வரி. வில்லாளிக்குத் தொடர்ந்து 11 வாரம் ஒன்றும் விழவில்லை. "எழுதினவன் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எட்டில் ஏழு பங்கு, அதை 11 தடவை பெருக்கினால் 23 சதவீதம், சர்வ சாதாரணம் என்றேன். "அந்த 23-ஐ நீயே வைத்துக்கொள்" என்றார்.

என் ஹெல்மெட், ஹீலரின் பிரார்த்தனை, இவர்களுடைய 'மறைக்கிறார்கள்' — மூன்றும் ஒரே சரக்குதானா? ஒரே சரக்கு என்றால் நான் இத்தனை வருடம் யாரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்?

பதில்: பழைய ஜாய்ஸ்டிக்

நீங்கள் ஒருவர்தானா என்று கேட்கிறீர்களே சகோ, கேம் ஆடுகிற கூட்டமே அப்படித்தான். 1996-ல் வந்த முதல் போக்கிமானில் பந்தை எறிந்துவிட்டு அது ஆடும்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் அதற்குள் பிராணி பிடிபடும் என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்பினார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, இணையம் பரவாத காலம், ஆனாலும் எங்கும் அதே வதந்தி. நானும் கட்டைவிரல் வலிக்க அழுத்தியிருக்கிறேன். பந்து ஆடத் தொடங்கும்போதே முடிவு கணக்கிடப்பட்டிருக்கும், ஆட்டம் வெறும் படம் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது ஏதோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் உங்கள் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். நம்மை வளர்த்ததே பொய் சொல்லும் கேம்கள்தான். சிவிலைசேஷன் கேம் தொடரை உருவாக்கிய சிட் மெய்யர் 2010-ல் கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசியதைக் கேட்டுப்பாருங்கள். மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருக்கும்போது தோற்றால் ஆடுபவர்கள் கொதித்துவிடுகிறார்களாம். நான்கில் ஒரு தடவை தோற்கத்தானே வேண்டும்? முடியாது என்கிறார்கள். அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் ஜெயித்தால் மட்டும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாமல் கணக்கை ஆடுபவர் பக்கம் கொஞ்சம் வளைத்தார்கள்.

ஃபயர் எம்ப்ளம் கதை இதைவிட அழகு. 2002-ல் வந்த அதன் ஆறாவது கேம் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டி சராசரி எடுக்கிறது. அடி படும் வாய்ப்பு திரையில் 90 சதவீதம் என்று காட்டும், உண்மையில் 98. திரையில் 10 என்று காட்டும், உண்மையில் 2. ஏன்? 90 என்றால் 'கட்டாயம் படும்' என்றும் 10 என்றால் 'படவே படாது' என்றும்தான் நம் மனசு வாசிக்கிறது. மனசுக்குத் தோதாக எண்ணை மாற்றிவிட்டார்கள். டோட்டா 2 கேமில் ஒரு சிறப்பு அடிக்கு 25 சதவீத வாய்ப்பு என்று எழுதியிருக்கும். முதல் அடியில் அது எட்டரை சதவீதம்தான், தவறத் தவற ஏறிக்கொண்டே போகும். மொத்தத்தில் சராசரி 25 வந்துவிடும், நீண்ட துரதிர்ஷ்டம் மட்டும் வராது.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு நேர்மையான ரேண்டத்தை (தற்செயலை) பார்த்தால் அது சதிபோலத்தான் தெரியும். உங்கள் வில்லாளிக்கும் அதேதான்.

பதில்: அரைப்புள்ளி

இரண்டு திருத்தங்கள், கோபிக்காதீர்கள்.

ஒன்று, 23 சதவீதம் என்பது கணக்கில் சரி, கேள்வியில் தவறு. அது வில்லாளி என்ற குறிப்பிட்ட ஒருவருக்கு 11 வாரம் கிடைக்காமல் போகும் வாய்ப்பு. எட்டுப் பேரில் யாராவது ஒருவராவது 11 வாரம் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு என்ன என்று பார்த்திருக்க வேண்டும். அது 94 சதவீதம். அதாவது உங்கள் பாட் நேர்மையாக ஓடினால் 11 வாரத்தில் யாரோ ஒருவர் உங்களைத் திருடன் என்று சொல்வது ஏறக்குறைய உறுதி. வில்லாளி சொன்னது தற்செயல், யாராவது சொல்வது தற்செயல் அல்ல. உங்கள் ஒரு சதவீதப் பெட்டியும் இப்படித்தான்: நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால் சுமார் 37 பேருக்கு ஒன்றுமே வராது. அந்த 37 பேரும் எங்கேயாவது போய் எழுதுவார்கள். மிச்சப்பேர் எழுத மாட்டார்கள்.

இரண்டு, ஹெல்மெட் சடங்கால் முடிவு மாறாது என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் மாறக்கூடும். கணினியில் ரேண்டம் என்பது பெரும்பாலும் ஒரு சூத்திரம். விதை எண் ஒன்றைக் கொடுத்தால் அடுத்தடுத்து எண்களைத் துப்பும். அதே விதைக்கு எப்போதும் அதே வரிசை. மைன்கிராஃப்ட் கேமில் ஒரே பதிப்பில் ஒரே விதையை இட்டால் எனக்கும் உங்களுக்கும் அதே மலை, அதே ஆறு. சர்வர் அப்படி ஒரு வரிசையிலிருந்து எண்களை எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்துகொண்டிருந்தால், ஹெல்மெட்டைக் கழற்ற நீங்கள் எடுக்கும் இரண்டு விநாடியில் வேறு யாரோ சில எண்களைத் தின்றிருப்பார்கள். உங்களுக்கு வேறு எண் விழும். பழைய கேம்களை வேகமாக முடிப்பவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்: இத்தனையாவது ஃபிரேமில் பட்டனை அழுத்தினால் இந்தப் பொருள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆக ஹெல்மெட் முடிவை மாற்றுகிறது, எந்தப் பக்கம் மாற்றுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. விதையைப் பார்க்க முடியாதவனுக்கு அது விதி. (மன்னிக்கவும், பல நாளாகச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வாக்கியம் இது.)

உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பாட்டின் விதை எது? கணினியின் நேரத்தை விநாடிக் கணக்கில் எடுத்திருந்தால், குலுக்கல் கட்டளையை யார் எந்த விநாடியில் தட்டுகிறாரோ அவர் முடிவைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படியிருந்தால் வில்லாளியின் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

பதில்: எலிவளை

ஹெல்மெட்டைக் கழற்றினால் அபராதம்தான் வரும், வாள் எப்படி வரும்?

பதில்: ஜன்னலோரம்

நான் நம்பிக்கை உள்ளவள். கேமும் ஆடுவேன், பெரும்பாலும் புதிர்கள். உங்கள் ஹீலர் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

யாராவது புறாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் நானே நிறுத்திவிடுகிறேன். 1948-ல் உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டது. எட்டில் ஆறு புறாக்கள் இப்படி ஏதோ ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. இதை 'புறாவின் மூடநம்பிக்கை' என்றார். மதம் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் புறா கட்டாயம் பறந்து வரும். ஆனால் 1971-ல் ஸ்டேடன், சிம்மல்ஹாக் என்ற ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது, தீனி நேரம் நெருங்கினால் புறாக்கள் இயல்பாகவே செய்யும் செயல்கள்தான் அதில் பெரும்பாலும் என்றார்கள். இதை யாரும் சொல்வதில்லை. புறாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் தங்களுக்குப் பிடித்த பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில்தான் நான். ஒன்பது நாளும் பிரார்த்தனை செய்தேன். கேட்டது கிடைக்கவில்லை. பத்தாவது நாளும் செய்தேன். அதற்கு அடுத்த நாளும். கேட்பதற்கு அப்போது ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் செய்தேன்.

உங்கள் ஹெல்மெட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெட்டிகளில் இனிப் பொருளே வராது என்று கேம் அறிவித்தால் மறுநாளும் கழற்றுவீர்களா? அது வாளுக்காக மட்டுமே. வேலை செய்யாத பொறியை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் மூடநம்பிக்கை. பிரார்த்தனை எல்லோருக்கும் பொறி அல்ல. உங்கள் ஹீலர் எதற்காகச் செய்கிறார் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? சர்வரின் மதத்தைக் கேட்டீர்கள், அவரைக் கேட்கவில்லை.

நம்பிக்கை உள்ளவர்களிடமும் ஹெல்மெட் உண்டு, மறைக்க மாட்டேன். "இதைப் பதினோரு பேருக்கு அனுப்பு, நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வருகிறதே, அது அச்சு அசல் உங்கள் ஹெல்மெட். அந்தக் காலத்தில் தபாலில் வந்தது, அப்புறம் மின்னஞ்சலில், இப்போது கைபேசியில். 2019-ல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அது வதந்திக்காக வந்த கட்டுப்பாடு. எங்கள் குடும்பக் குழுவில் என்ன நடந்தது தெரியுமா? மூன்று தடவையாகப் பிரித்து அனுப்பினார்கள்.

பதில்: கடைசி பெஞ்ச்

மூன்றாவது சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசியல் புகாரை ஹெல்மெட்டோடு சேர்த்து மூட்டை கட்டாதீர்கள். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதல் விஷயம் உங்களுக்குச் சாதகம். 1985-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று உண்டு. 1982-ல் பெய்ரூட்டில் சப்ரா, ஷாட்டிலா முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு தரப்பும் "இது எங்களுக்கு எதிராகத் திரித்த செய்தி" என்றார்கள். பார்த்தது அதே காட்சிகள். நடுநிலை மனிதர்கள் பார்த்தால் மறுபக்கத்துக்குச் சாய்ந்துவிடுவார்கள் என்றும் இருவருமே சொன்னார்கள். உங்கள் டேங்க்கும் வில்லாளியும் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுகள் இதே கதை.

இரண்டாவது விஷயம் சாதகமில்லை. சில சமயம் புகார் உண்மை. ட்விட்டர் 2016-ல் காலவரிசையை விட்டுவிட்டு நிரல் அடுக்கும் டைம்லைனைக் கொண்டுவந்தபோது, ஒரு சிறு பங்குப் பயனர்களை மட்டும் பழைய வரிசையிலேயே வைத்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு அந்த நிறுவனத்தின் ஆட்களே 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நாடுகளில் ஆறில், முக்கிய வலதுசாரிக் கட்சியினரின் பதிவுகளுக்கு இடதுசாரிகளுடையதைவிட அதிகத் தூக்கல் கிடைத்திருந்தது. ஜெர்மனி மட்டும் விலக்கு. யாரோ வேண்டுமென்றே செய்ததா, நிரல் தானாக அப்படிப் போனதா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது. ஆனால் "இதெல்லாம் உங்கள் கற்பனை" என்று சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும்.

2023-ல் அதே தளம் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எழுதியவர் அமெரிக்காவின் குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா, ஈலான் மஸ்க்கா என்று பிரித்துக் குறிக்கும் வரிகளைக் கண்டுபிடித்தார்கள். வெறும் புள்ளிவிவரத்துக்காக என்று விளக்கம் சொல்லி வரிகளை நீக்கினார்கள். விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சந்தேகப்படுகிறவன் முன்னால் அப்படி ஒரு வரியை வைத்துவிட்டு, பிறகு எடுத்தும்விட்டால் அவன் என்ன நினைப்பான்?

ஒரு குலுக்கல் நேர்மையானதா என்பதை வெளியே நிற்பவன் முடிவுகளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்து காட்டினால்தான் உண்டு. சீனாவில் 2017-லிருந்து இப்படிப் பெட்டி தரும் கேம்கள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும். பெல்ஜியம் 2018-ல் பணம் கொடுத்துத் திறக்கும் சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அங்கெல்லாம் ஆடுபவர்களின் மனநிலையை யாரும் ஆராய்ந்துகொண்டு இருக்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்கள். உங்கள் வில்லாளி உங்கள் நாற்பது வரியைப் பார்த்திருக்கிறாரா?

பதில்: தூங்காத சர்வர்

கேள்வி கேட்டவன்தான். கடைசி இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அரைப்புள்ளியும் கடைசி பெஞ்சும் நேராக அங்கேயே வந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

விதை, ஆமாம், விநாடிக் கணக்கில் நேரம்தான். சோம்பேறித்தனம். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மேலே சொல்லவில்லை.

வில்லாளி அப்படிக் கேட்ட இரவே பாட்டைத் திறந்து ஆறு வரி சேர்த்தேன். யாருக்குப் பொருள் விழவில்லையோ அவர் பெயர் அடுத்த வாரம் குலுக்கலில் கூடுதலாக ஒரு சீட்டு பெறும். இன்னும் விழவில்லையா, இன்னொரு சீட்டு. விழுந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. பழைய ஜாய்ஸ்டிக் சொன்ன டோட்டா கணக்கேதான். யாரிடமும் சொல்லவில்லை. கூடவே ஏற்கெனவே நடந்த 11 வாரக் கணக்கையும் ஏற்றிவிட்டேன். இரண்டாவது வாரமே வில்லாளிக்கு விழுந்தது.

அவர் சொன்னது: "இப்பதான் ஒழுங்கா ரேண்டமா ஓடுது."

மற்றவர்களும் ஆமோதித்தார்கள். நேர்மையாக ஓடியபோது திருடன் என்றவர்கள், நான் கையை வைத்தபிறகு நேர்மை என்கிறார்கள். 2014-ல் பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் இதேதான் நடந்தது. ஷஃபிளில் (பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியில்) ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறது, இது ரேண்டம் இல்லை என்று புகார். உண்மையான ரேண்டத்தில் அப்படி வரத்தான் செய்யும். கடைசியில் ஒரே பாடகரின் பாட்டுகள் தள்ளித் தள்ளி விழும்படி நிரலை மாற்றினார்கள். இதை வேலையிடத்தில் எத்தனையோ பேருக்கு நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

வில்லாளி 'ஆள் வைத்துச் செய்கிறார்கள்' என்று சொன்னபோது பொய்யாக இருந்தது, நான் அதை உண்மையாக்கிவிட்டேன். அவருக்குச் சாதகமாக என்பதால் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னலோரம் அம்மா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஹீலரைத் தனியாக அழைத்துப் பேசினேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. அவர் பாஸ் சாக வேண்டும் என்று கேட்பதே இல்லையாம். "எட்டுப் பேரும் லைனில் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றாக இருக்கட்டும் என்பேன். அரை நிமிடம் ஆகும்" என்றார். என் பெயரும் உண்டா என்றேன். "உங்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஜோக்கை இனிச் சொல்ல வாய் வராது.

நேற்று ஞாயிறு. சேனலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வரியையும் அப்படியே போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, யாருடைய கீபோர்டோ மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. டேங்க்குக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அவருக்கு விழ வேண்டிய பொருள் இரண்டு வாரத்தில் தவறியிருக்கலாம் என்று. நியாயம்தான். வில்லாளி கத்துவார் என்று நினைத்தேன். அவர் அந்த ஆறு வரியை நிதானமாகப் படித்துவிட்டு, "எனக்கு விழுந்த அந்தக் கேடயத்தைத் திருப்பிப் பொதுவில் போடுகிறேன்" என்றார். வேண்டாம் என்று டேங்க்கே தடுத்தார். தேர்தலுக்குப் பிறகு இருவரும் ஒரு முழு வாக்கியம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

எந்த முறை வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்தோம். ஐந்துக்கு மூன்று, வளைத்த முறையே இருக்கட்டும் என்று ஆயிற்று, வரிகள் எல்லோருக்கும் தெரியும்படி. நேர்மையான ரேண்டம் வேண்டும் என்ற மூன்று பேர்: வில்லாளி, ஹீலர், நான். இப்படி ஒரு கூட்டணியை நான் கனவிலும் நினைத்ததில்லை. அரைப்புள்ளிக்கு: விதையை மாற்றியாயிற்று. ரகசிய எண்ணின் ஹாஷை (எண்ணைக் காட்டாமலே பின்னால் அதை மாற்ற முடியாதபடி செய்யும் குறியீட்டை) முந்தின நாளே சேனலில் போட்டுவிடுகிறேன், குலுக்கும் நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்ல வேண்டும், எல்லாம் சேர்ந்ததுதான் விதை. பிறகு என் ரகசிய எண்ணை வெளியிட்டுவிடுவேன், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: அரைப்புள்ளி

சரியான முறை. ஒரு ஓட்டை மட்டும்: கடைசியாக எண் சொல்பவர் எண் சொல்லாமல் 'நெட் போய்விட்டது' என்று ஒதுங்கினால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஹாஷ் போடுகிறவரும் ரகசிய எண்ணைக் காட்டாமல் நழுவலாம், அதற்கும் சேர்த்து. ஹெல்மெட் என்ன ஆயிற்று?

பதில்: தூங்காத சர்வர்

அதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். நேற்று மகள் பக்கத்திலேயே இருந்தாள். வைராக்கியமாக ஹெல்மெட் போட்டபடியே, பெட்டிக்கு வலப்பக்கம் நின்று திறந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மருந்துப் புட்டியும் ஒரு பழைய கயிறும் வந்தன.

"கழட்டியிருக்கலாம்ப்பா" என்றாள்.